புற்றுநோய் அறுவை மருத்துவமும் நோயாளியின் உணவும்

தானங்கள் நான்கு என்பர் நம் முன்னோர். உணவு, மருந்து, அடைக்கலம், நூல் என்பன அவை. இவற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது உணவுக்கு ஒரு விரலும் மருந்துக்கு ஒரு விரலுமாக மடக்கி எண்ணச் சொல்கிறோம். ஆனால் ஓர் இல்லத்தில் புற்றுநோய் புகுந்துவிட்டால் இவ்விரண்டையும் பிரித்து எண்ண இயலாது. அறுவைக்குக் காத்திருக்கும் நோயாளிக்கு அவர் உண்ணும் ஒவ்வொரு கவளமும் சிகிச்சையின் ஒரு பகுதியே. இவ்வுண்மையை அறுவை மருத்துவர்கள் எந்த அளவு கருத்தில் கொள்கின்றனர், அவர்கள் கேளாதபோது நாம் சொல்ல வேண்டியது யாது என்பதே இவ்விதழில் நாம் எடுத்துக்கொண்ட பாடம்.

நோய் உடலை உருக்கும் முறை

நோன்பால் மெலிவதும் புற்றுநோயால் மெலிவதும் ஒன்றல்ல. நோன்பிருப்பவரின் உடல், சேமித்த கொழுப்பைச் செலவிட்டுத் தசையை இயன்றவரை காக்கிறது. புற்றுநோயிலோ கட்டியும், அதனை எதிர்க்க எழும் உடலின் தற்காப்பு ஆற்றலும் சேர்ந்து சில வேதிப்பொருள்களை இரத்தத்தில் கலக்கின்றன. அவை பசியை அடக்குகின்றன. நாவின் சுவையை மாற்றுகின்றன. தசையில் உள்ள புரதத்தைக் கரைக்கின்றன. உணவுக்குழாயிலோ இரைப்பையிலோ குடலிலோ கட்டி தோன்றினால் உணவு செல்லும் வழியே குறுகிவிடுகிறது.

இவ்வாறு தேய்ந்த உடலின்மீதே அறுவை நிகழ்கிறது. அதன்பின் புண் ஆற வேண்டும். வெட்டி இணைத்த குடல் ஒட்ட வேண்டும். கிருமியை எதிர்க்க வேண்டும். இருமிச் சளியை வெளியேற்ற மார்புத் தசைக்கு வலிமை வேண்டும். இவை அனைத்திற்கும் புரதம் தேவை. உண்ட உணவில் அது கிடைக்காவிடில் உடல் தன் தசையையே உடைத்து எடுத்துக்கொள்ளும். எடுக்கத் தசையும் இல்லாதபோது தையல் பிரிகிறது, கிருமி பற்றுகிறது, கைதேர்ந்த மருத்துவர் செய்த அறுவையும் பயனற்றுப் போகிறது.

அறுவை மருத்துவர்கள் அறிந்தது என்ன?

இஃது இன்று நேற்றுக் கண்டறிந்த செய்தியன்று. 1936ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறுவை மருத்துவர் ஹிராம் ஸ்டட்லி, வயிற்றுப் புண்ணுக்காக அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து எழுதினார். அறுவைக்கு முன்பே தம் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தோருள் நூற்றுக்கு 33 பேர் இறந்தனர். அவ்வளவு எடை குறையாதோருள் இறந்தவர் நூற்றுக்கு 3.5 பேரே. அவர்களுக்கு இருந்தது புற்றுநோயன்று; எனினும் எடையிழப்பைக் கேட்டறிவது அறுவை மருத்துவரின் கடமை என்பதற்கு அவ்வாய்வு அடிப்படையாயிற்று.

1974இல் சார்லஸ் பட்டர்வொர்த் என்னும் அமெரிக்க மருத்துவர் தம் துறையினரையே கடிந்து ஒரு கட்டுரை எழுதினார். மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகள் ஊட்டமின்றித் தேய்கின்றனர் என்பது அவர் குற்றச்சாட்டு. உயரத்தையும் எடையையும் குறித்து வைக்காமை, சோதனைகளின் பொருட்டு வேளை வேளையாக உணவை நிறுத்துதல், குளுக்கோஸ் நீரையும் உப்பு நீரையும் மட்டும் நாள்கணக்கில் ஏற்றுதல், 'இது யார் பொறுப்பு?' என்று தெரியாமல் அனைவரும் விட்டுவிடுதல் ஆகியவற்றை அவர் சுட்டினார். அரை நூற்றாண்டு கடந்தும் இப்பட்டியலைப் படிப்போர்க்குத் தாம் கண்ட மருத்துவமனை வார்டு நினைவுக்கு வரும்.

2017இல் அமெரிக்காவின் குடல், இரைப்பை அறுவைத் துறைகளில் ஓர் ஆய்வு நடந்தது. அறுவைக்கு முன் ஊட்டத்தைச் சீர்செய்தால் சிக்கல்கள் குறையும் என்பதற்குச் சான்று உண்டு என நூற்றுக்கு 83 அறுவை மருத்துவர்கள் கருதினர். ஆனால் நோயாளியின் ஊட்ட நிலையை முறையாகச் சோதிக்கும் ஏற்பாடு ஐந்தில் ஒரு மருத்துவமனையில்தான் இருந்தது. ஊட்டப் பொருள் பெற்ற நோயாளிகளும் ஐவரில் ஒருவரே. நற்காட்சியும் நல்ஞானமும் நல்லொழுக்கமும் சேர்ந்தே மணிகள் மூன்று என்கிறோம். இங்குக் காட்சியும் ஞானமும் இருந்தும் ஒழுக்கம் பின்தங்கி நிற்கிறது.

ஏழை நாடுகளில் இதன் விலை பெரிது. குடல், இரைப்பைப் புற்றுநோய்க்காக அறுவை செய்துகொண்ட 5,709 நோயாளிகளை 75 நாடுகளில் ஆராய்ந்த முடிவு 2023இல் வெளியாயிற்று. மூவரில் ஒருவர் கடுமையான ஊட்டக்குறையோடு அறுவை மேடைக்குச் சென்றிருந்தனர். வருவாய் குறைந்த நாடுகளிலோ பாதிக்கு மேற்பட்டோர் அந்நிலையில் இருந்தனர். அத்தகையோர் அறுவைக்குப் பின் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது.

கற்பிக்கப்பட்டதா என்று கேட்போம்

மாணவன் ஒன்றை அறியாவிடில் அவனைக் கடியும் முன், அது அவனுக்குக் கற்பிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் நாம் முதலில் கற்ற பாடங்களுள் இஃது ஒன்று. மருத்துவருக்கும் இது பொருந்தும். நெடுங்காலம் மருத்துவக் கல்வியில் உணவியல் என்பது உயிர்வேதியியலில் சிறிதும் சமூக மருத்துவத்தில் சிறிதுமாகச் சிதறிக் கிடந்தது. தேர்வில் கேளாத பகுதியை மாணவர் புரட்டிப் பார்ப்பதில்லை என்பது எல்லாப் பள்ளிக்கும் பொது.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டில் சேர்ந்த மாணவர் தொடங்கி நடைமுறைக்கு வந்த திறன்வழி மருத்துவப் பாடத்திட்டத்தில், அறுவை மருத்துவப் பாடத்துள்ளேயே ஊட்டமும் நீர்மச் சிகிச்சையும் ஒரு தனித் தலைப்பாக இடம்பெற்றுள்ளன. அறுவை நோயாளிக்கு ஊட்டக்குறை வரும் காரணமும் விளைவும், அவருக்குத் தேவையான ஊட்டத்தின் அளவு, அதனை அளிக்கும் முறைகள் ஆகியவற்றை மாணவர் அறிந்திருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. இது வரவேற்கத்தக்கது. எனினும் இன்று கத்தி பிடிக்கும் மூத்த மருத்துவர் பலர் அதற்கு முன் பயின்றவர்கள். அவர்களுக்கு அறிவு குறைவு என்று நாம் சொல்லவில்லை. கட்டி எவ்வளவு பரவியுள்ளது, அறுவைக்கு எந்நாள் கிடைக்கும் என்பவற்றில் அவர்கள் கருத்து முழுதும் ஊன்றியிருக்கிறது. வெளிநோயாளர் வரிசையோ நீளமானது. அந்நிலையில் எடையிழப்பை நாமே எடுத்துச் சொல்லிவிட்டால் அவர்கள் மறுக்கப்போவதில்லை.

நம் வட்டாரத்தில்

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் வாழும் நம் மக்கள் புற்றுநோய்க்குச் சிகிச்சை நாடிச் செல்லும் இடங்கள் நாம் அறிந்தவையே. புதுவை ஜிப்மர், 2010இல் தொடங்கிய முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, சென்னை அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை ஆகியன முதன்மையானவை. இவற்றுள் அடையாற்று மருத்துவமனை, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெருமுயற்சியால் 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கப் பெற்றது.

இவ்விடங்களுக்குச் செல்லும் பயணமே நம் நோயாளிகளின் உணவைப் பறிக்கிறது. வீடூரிலிருந்தோ பெருமண்டூரிலிருந்தோ விடியற்காலைப் பேருந்தைப் பிடிப்பவர் வெறும் வயிற்றோடு புறப்படுகிறார். இரத்தம் எடுப்பார்களோ, ஸ்கேன் எடுப்பார்களோ என்று நண்பகல்வரை உண்ணாதிருக்கிறார். வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. இரவு உண்ணாமையைக் கடைப்பிடிப்பவராயின் அன்றைய உணவு முழுதும் போயிற்று. மாதத்தில் ஐந்து முறை சென்றால் ஐந்து நாள் பட்டினி. நோன்பின் புண்ணியமும் அதில் இல்லை. எந்தச் சோதனைக்கு வெறும் வயிறு வேண்டும், எதற்கு வேண்டா என்று முந்தைய வருகையிலேயே கேட்டுக் குறித்துக்கொள்க. வேண்டாத நாளில் உண்டுவிட்டே புறப்படுக. வேண்டிய நாளில் இட்லியும் கடலை உருண்டையும் மோரும் கையில் இருக்கட்டும். இரத்தம் கொடுத்தவுடன் உண்ணலாம்.

நம் இல்லங்களின் மௌனம்

நாம் அறிந்த ஓர் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். இரைப்பையில் கட்டி வந்த ஒரு மூதாட்டியிடம் அறுவை மருத்துவர், "உடம்பு தேற வேண்டும், தினம் இரண்டு முட்டை சாப்பிடுங்கள் அம்மா" என்றார். அம்மூதாட்டி தலையசைத்தார், உடன் சென்ற மகனும் தலையசைத்தார். இருவருள் எவரும், "நாங்கள் முட்டை உண்பதில்லை ஐயா, அதற்கு ஈடாக என்ன உண்ணலாம்?" என்று கேட்கவில்லை. மருத்துவர் சொன்னது நடக்கிறது என்று எண்ணிக்கொண்டார். வீட்டிலோ ஆறு வாரம் வெறும் அரிசிக் கஞ்சியே நடந்தது. அறுவைக்கு நாள் குறித்தபோது அவர் எடையில் 7 கிலோ குறைந்திருந்தது.

மருத்துவர் நம் நோன்பை அறியார். நாம் சொல்லாதவரை அறியவும் இயலாது. கொல்லாமையைக் கூறுவதில் நாணம் எதற்கு? இன்னின்னவற்றை உண்பதில்லை, கிழங்கு வகை கொள்வதில்லை, பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஊட்டப் பொடிகள் பலவற்றில் பாற்புரதமோ சோயாப் புரதமோ இருக்கும்; சிலவற்றில் மீனெண்ணெய் இருக்கும். மாத்திரை உறைகள் சில விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுத்த ஜெலட்டினால் ஆனவை. கேட்டால் மாற்று உண்டா என்று மருத்துவர் பார்ப்பார். கேளாமல் வீட்டில் மூடி வைத்துவிட்டால் மருந்தும் இல்லை, மாற்றும் இல்லை.

மற்றொரு தவறான எண்ணமும் நிலவுகிறது. உணவைக் குறைத்தால் கட்டி பட்டினியால் வாடும் என்பர் சிலர். கட்டி தனக்கு வேண்டியதை உடலிலிருந்து எடுத்துக்கொள்ளும், வாடுவது நோயாளியே. மெலிந்தவர்களுக்கு உணவைக் குறைக்கும் பத்திய முறைகளை மருத்துவ வழிகாட்டிகள் விலக்குகின்றன.

சல்லேகனையையும் இங்குச் சிலர் நினைப்பர். தீர்க்க வழியற்ற நோய், மூப்பு, பஞ்சம், பெரும் இடையூறு ஆகியவை நேர்ந்தபோது முழு அறிவோடும் அமைதியோடும் ஏற்கும் விரதமாகச் சமந்தபத்திரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் அதனைக் கூறினார். குணம் பெறும் நோக்கோடு மருத்துவமனைப் படியேறிய ஒருவர் கேட்பாரின்றித் தேய்வது விரதமாகாது. அது சுற்றத்தாரின் கவனக்குறைவு.

எவ்வளவு உணவு?

முதலில் எடை. ஆறு மாதத்திற்கு முன் இருந்த எடையையும் இன்றைய எடையையும் ஒப்பிடுக. 60 கிலோ இருந்தவர் 54 கிலோவுக்கு வந்துவிட்டால் பத்தில் ஒரு பங்கு போயிற்று. இது கட்டாயம் மருத்துவரிடம் கூற வேண்டிய செய்தி. காலிலோ வயிற்றிலோ நீர் கோத்திருந்தால் தராசு ஏமாற்றும். அப்போது தளர்ந்த வளையலும் இறுக்கிக் கட்டிய வேட்டியும் உண்மை சொல்லும். எடையிழப்பு நூற்றுக்கு 10 முதல் 15க்கு மேற்பட்டாலோ, உடல் எடைக் குறியீடு 18.5க்குக் கீழ் இருந்தாலோ அறுவையை 7 முதல் 14 நாள் தள்ளிவைத்தும் ஊட்டம் அளிக்கலாம் என ஐரோப்பிய மருத்துவ ஊட்டவியல் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. 150 சென்டிமீட்டர் உயரம் உள்ளவருக்கு இக்குறியீடு ஏறத்தாழ 42 கிலோ. ஆகவே மருத்துவர் நாளைத் தள்ளிவைத்தால், 'கட்டி வளர்ந்துவிடுமே' என்று அஞ்சி வேறிடம் ஓட வேண்டா. அந்நாள்களைத் தேறுவதற்குப் பயன்படுத்துக.

அடுத்து அளவு. எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், 1 கிராமுக்குக் குறையாது இயன்றால் 1.5 கிராம் வரை புரதமும் புற்றுநோயாளிக்கு வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு 1,250 முதல் 1,500 கலோரி. 50 முதல் 75 கிராம் புரதம். முட்டையும் கிழங்கும் இன்றி இதனை எய்த முடியுமா? கணக்கிட்டுப் பார்ப்போம். அரை லிட்டர் பாலில் 16 கிராம், 200 கிராம் தயிரில் 6 கிராம், 60 கிராம் பாசிப்பருப்பில் 14 கிராம், 30 கிராம் நிலக்கடலையில் 7 கிராம், 50 கிராம் பனீரில் 9 கிராம், 150 கிராம் அரிசியில் 11 கிராம், 50 கிராம் கேழ்வரகில் 3 கிராம் புரதம் உண்டு. கூட்டினால் 66 கிராம். எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் அமைந்த திண்டிவனத்தில் நிலக்கடலைக்குப் பஞ்சமா? மண்ணுள் காய்த்தாலும் அது கிழங்கன்று, வித்தே. பல்லில்லாதவர்க்கு வறுத்துப் பொடித்துக் கேழ்வரகுக் கூழில் கலந்து கொடுக்கலாம்.

நோயாளியால் இதனை மூன்று வேளையில் உண்ண இயலாது. காலை 6.30 மணி முதல் மாலை 5.30 மணிக்குள் ஆறு சிறு வேளைகளாகப் பிரித்துவிட்டால் இரவு உண்ணாமைக்கும் ஊறில்லை. நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ளவர்க்கு அளவு வேறுபடும். மருத்துவரும் உணவியல் வல்லுநரும் சொல்வதே அவர்கட்கு முடிவு.

குளுக்கோஸ் ஏற்றினால் சத்து ஏறும் என்ற நம்பிக்கையும் திருத்தம் பெற வேண்டும். நூற்றுக்கு 5 பங்கு குளுக்கோஸ் கலந்த அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஏறத்தாழ 100 கலோரி. புரதம் துளியும் இல்லை. நீர் வற்றாமல் காப்பதற்கு அது உதவும், உணவுக்கு ஈடாகாது.

அறுவைக்கு முன் இரவும் பின் வரும் நாள்களும்

நள்ளிரவிலிருந்து ஒரு சொட்டும் கூடாது என்பது பழைய மரபு. மயக்கத்தில் வாந்தி எழுந்து மூச்சுக்குழலில் புகும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். இன்றைய பொது விதிப்படி, இலேசான திட உணவை அறுவைக்கு 6 மணி நேரத்திற்கு முன்பும், தெளிந்த நீர்மத்தை 2 மணி நேரத்திற்கு முன்பும் நிறுத்தினால் போதும். பால் தெளிந்த நீர்மம் ஆகாது. மாலை 6 மணிக்கு உண்டு முடித்த நம்மவருக்கு மறுநாள் காலை 11 மணிக்கு அறுவை எனின் 17 மணி நேரம் பட்டினி. ஆனால் சூரியன் எழுந்த பின்னர் 9 மணி வரை நீரோ சர்க்கரை நீரோ அருந்த இவ்விதி இடம் தருகிறது, விரதமும் கெடவில்லை. குடலில் அடைப்புள்ளவர்க்கும் வேறு சிலர்க்கும் இது பொருந்தாது. எனவே மயக்கவியல் மருத்துவரிடம் கேட்டு, அவர் சொன்னபடி மட்டும் செய்க.

குடல் அறுவைக்குப் பின் காற்றுப் பிரியும்வரை உணவில்லை என்ற வழக்கமும் மாறி வருகிறது. 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலட் என்னும் அறுவை மருத்துவர் காட்டிய வழியில், இயன்றோர்க்கு விரைவிலேயே வாய்வழி உணவு தொடங்குகின்றனர். வாயால் உண்ண இயலாதோர்க்குக் குழாய்வழி உணவு உண்டு. அதனை இரவிலும் செலுத்த வேண்டியிருக்கலாம். பகலிலேயே முடிக்க இயலுமா என்று முன்கூட்டியே கேட்கலாம். இரைப்பைக்குச் செல்லும் குழாயில் வேளை வேளையாகச் செலுத்துவது பெரும்பாலும் இயலும். சிறுகுடலுக்குச் செல்லும் குழாயில் மெல்ல மெல்லத்தான் செலுத்த வேண்டும். இயலாதெனில் என் செய்வது என்பதை நோயாளியும் பெரியோரும் அமர்ந்து முன்னரே முடிவு செய்க. இரைப்பை முழுதும் நீக்கப் பெற்றவர்க்கு பி12 உயிர்ச்சத்து உணவிலிருந்து சேராது. வாழ்நாள் முழுதும் ஊசிவழி பெற வேண்டும். பாலைத் தவிர வேறு வழியில் அச்சத்தைப் பெறாத நாம் இதனை மறத்தலாகாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குக. வாரம் ஒரு நாள், ஒரே தராசில், எடையைக் குறிக்க. நாள்தோறும் உண்டதை உள்ளபடி எழுதுக. 'நன்றாகச் சாப்பிடுகிறார்' என்று எழுதுவதில் பயனில்லை. அந்நோட்டோடு சென்று இவ்வைந்தையும் கேட்க:

1. இவர் எடை இவ்வளவு குறைந்துள்ளது. அறுவைக்கு முன் தேற்ற வேண்டுமா?
2. உணவியல் வல்லுநரைப் பார்க்கச் சீட்டு எழுதித் தர இயலுமா?
3. நாங்கள் உண்ணாதவை இவை. இவற்றுக்கு மாற்று என்ன?
4. அறுவைக்கு முன் எத்தனை மணி வரை உண்ணலாம், எத்தனை மணி வரை நீர் அருந்தலாம்? அறுவை தள்ளிப்போனால் உடனே உணவு தரலாமா?
5. அறுவைக்குப் பின் எந்நாள், எவ்வகை உணவு தொடங்கும்?

அறுவை மருத்துவரின் கையில் உள்ளது கத்தி. அவருக்கு முன் கிடக்கும் உடலுக்கு வலிமை தருவது நம் அடுக்களை. இரண்டும் ஒன்றையொன்று அறிந்து நடந்தால் பிழைப்போர் எண்ணிக்கை கூடும்.

இல்லத்தில் அமர்ந்து விடை காண்க:

அ. நம் வீட்டு முதியோர் ஒவ்வொருவரின் இன்றைய எடை என்ன? ஆறு மாதத்திற்கு முன் என்ன?
ஆ. 45 கிலோ எடையுள்ள நோயாளிக்கு நாளொன்றுக்கு எத்தனை கிராம் புரதம் வேண்டும்?
இ. முட்டையும் கிழங்கும் இன்றி, மாலை 5.30 மணிக்குள் முடியும்படி, அவருக்கு ஆறு வேளை உணவை வகுத்துக் காட்டுக.